தஞ்சாவூர் வெயிலுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்



சுகர், பிரஷர், கொழுப்புன்னு என் பக்கத்துல படிச்சுப் படிச்சு அலுத்துப் போனவங்களுக்கு இன்னைக்கு ஒரு மாறுதல். கார் பத்தி எழுதப் போறேன். த்ரெட் கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

போன மாசம் நாலு லட்சத்துக்குள்ள ஒரு பழைய கார் வாங்கினேன். வீட்டுல ஏற்கனவே ஒரு கார் இருக்கு. இது ரெண்டாவது. ஆஸ்பத்திரிக்குப் போக இல்ல, கல்யாணத்துக்குப் போக இல்ல. ஞாயித்துக்கிழமை காலைல சும்மா ஓட்டுறதுக்கு மட்டும்.

"டாக்டருக்கு ஏன் இந்த ஆசை?"ன்னு கேட்பீங்க. வயசு 45. போன வருஷம் பிரஷர் 150/96. பார்த்த இதய மருத்துவர் நண்பர் மாத்திரை எழுதிட்டு, "ட்யூட்டி, கிளினிக், தூக்கம் தவிர வாரத்துல என்ன பண்றே?"ன்னு கேட்டார். யோசிச்சேன். பதில் வரல. "மாத்திரையோட அதையும் கண்டுபிடி"ன்னார்.

கார் ஓட்டினா பிரஷர் குறையும்னு நான் சொல்ல வரல. மாத்திரை தினமும் போடுறேன். நீங்களும் நிறுத்திடாதீங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வெயில் நாளுக்கு ஒரு விலை குறைஞ்ச, ஜாலியான பழைய கார்னு இங்கிலாந்துக்காரரைக் கேட்டா யோசிக்காம மாஸ்டா எம்எக்ஸ்-5னு சொல்வார். 1989ல வந்தது. ரெண்டு சீட்டு, கூரையைக் கையால மடக்கிடலாம், எடை ரொம்பக் குறைவு. உலகம் முழுக்க பத்து லட்சத்துக்கு மேல வித்திருக்கு. இந்தியாவுல மாஸ்டா கம்பெனி அதைக் கடை போட்டு வித்ததே இல்ல. நம்ம நாட்டிலேயே 1998 வாக்குல சான் ஸ்டார்ம்னு ஒண்ணு வந்தது. ஃபைபர் உடம்பு, ரெனோ எஞ்சின், திறந்த கூரை. அதை இன்னைக்குத் தேடிக் கண்டுபிடிச்சாலும் பார்ட்ஸுக்கு எங்க போறது?

அதை விடுங்க. முதல்ல வெயில் நாள்னா என்ன? அங்க வருஷத்துல கொஞ்ச நாள் வெயில் அடிக்கும், அதைக் கொண்டாட கூரையைத் திறப்பாங்க. நமக்கு வருஷம் பூரா வெயில்தான். சித்திரையில பகல் பதினோரு மணிக்குக் கூரையைத் திறந்து ஒரத்தநாடு வரை போயிட்டு வந்தா நேரா என் வார்டுல அட்மிஷன் போட வேண்டியதுதான். தஞ்சாவூர்க்காரனுக்கு வெயில் நாள்னா காலைல அஞ்சரையிலேர்ந்து எட்டு வரை, அவ்வளவுதான். மார்கழி, தை மாசத்துல இன்னும் ஒரு மணி நேரம் கூட. ஆடிக்காத்து அடிக்கும்போது சாயந்திரமும் சேர்த்துக்கலாம்.

அதனால திறந்த கூரை ஆசையை முதல் நாளே விட்டேன். முழுசா விட்டேன்னு சொல்ல முடியாது. ஜிப்ஸின்னு ஒரு பேய் இருக்கே.

மாருதி ஜிப்ஸி 1985ல வந்தது. துணிக்கூரையைக் கழட்டிட்டா நாலு பக்கமும் காத்து. பட்டுக்கோட்டை பக்கம் ஒருத்தர் விக்கிறார்னு போய்ப் பார்த்தேன். பச்சைக் கலர். ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். வயக்காட்டு வாசனை நேரா முகத்துல. வாய்க்கால் ஓரம் நாரை எழும்புற சத்தம் கேக்குது. மனசு அங்கயே "முடிச்சிடு"ன்னு சொல்லிடுச்சு.

வீட்டுக்கு வந்து மனைவிகிட்ட சொன்னேன். அவங்க மயக்கவியல் மருத்துவர். வேண்டாம்னு சொல்லல. கலர் என்னன்னு கூடக் கேக்கல. ஒரே கேள்வி.

"எத்தனை ஏர்பேக்ங்க?"

ஒண்ணும் இல்ல. ஏபிஎஸ்சும் இல்ல. முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் மாட்டு வண்டிக்குப் பங்காளி மாதிரி பட்டை ஸ்பிரிங். பின் சீட்டுல பக்கவாட்டுல உக்காரணும். நைட்டு ரெண்டு மணிக்கு விபத்து கேஸுக்கு மயக்கம் கொடுத்துட்டு வர்றவங்க கேட்டா அதுக்கு மேல பேச என்ன இருக்கு? அவசர சிகிச்சையில இருபது வருஷம் நின்னவன் நான். ஸ்டியரிங் மோதின நெஞ்சு எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியும்.

இங்க ஒரு விஷயம். இந்தியாவுல எல்லாப் புதுக் காருக்கும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையிலதான். அதுக்கு முந்தின வண்டின்னா எந்த வேரியன்ட்னு பார்த்தே ஆகணும். ஒரே பேரு, ஒரே உருவம், ஆனா கீழ் வேரியன்ட்ல ஏர்பேக் இருக்காது. 2014ல குளோபல் என்கேப் நம்ம ஊர் போலோவை மோதவிட்டப்ப ஏர்பேக் இல்லாதது சைபர் ஸ்டார், ரெண்டு ஏர்பேக் இருந்தது நாலு ஸ்டார். அப்புறம்தான் கம்பெனி எல்லா வேரியன்ட்டுக்கும் ரெண்டு ஏர்பேக் போட்டுச்சு.

அதனால என் முதல் ரூல்: ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ். அதுக்குக் கீழ எந்தக் காரையும் பார்க்கறதில்ல. இந்த ஒரு ரூல்லயே பழைய ஜென் மாதிரி என் காலேஜ் காலத்துக் கனவுல பாதி போயிடுச்சு.

அடுத்து ரோடு. இதைத்தான் யூடியூப் ரிவ்யூக்காரங்க யாரும் சொல்றதில்ல. நம்ம டெல்டா ரோடு மலை ரோடும் இல்ல, ஹைவேயும் இல்ல. ஆத்தங்கரையை ஒட்டியே வளைஞ்சு வளைஞ்சு போகும். தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு போறதுக்குள்ள வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு அஞ்சு ஆறு, அஞ்சு பாலம். கண்டியூர்ல திரும்பி திருக்காட்டுப்பள்ளி வழியா கல்லணைக்குப் போங்க. ஒரு வளைவு முடியறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ரெண்டு வேகத்தடை, அதுல ஒண்ணுக்குப் பெயின்ட் இருக்காது.

இந்த ரோட்டுல 150 குதிரைசக்தி எதுக்கு? அறுபதுக்கு மேல போனா ஆட்டுக்குட்டியோ, சைக்கிள்ல பெரியவரோ, பால் கேனோ கண்டிப்பா குறுக்க வரும். நாப்பதுலயும் ஐம்பதுலயும் ஜாலியா இருக்கற கார்தான் இங்க ஸ்போர்ட்ஸ் கார். எடை குறைவா, ஸ்டியரிங் கைக்குப் பேசற மாதிரி, கியர் நாமளே போடற மாதிரி, அடி தட்டாத மாதிரி இருக்கணும். வேகமா ஓட்டியே தீரணும்னா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில ரேஸ் டிராக் இருக்கு. அங்க போய் ஓட்டுங்க. ஹெல்மெட் போட்டுக்கிட்டு.

இன்னொண்ணு, நெல். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். அரசு நேரடி கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும்கிறது பொது விதி. மெஷின்ல அறுத்த நெல்லு அதைவிட ஈரமாத்தான் வரும். எல்லா ஊர்லயும் சிமென்ட் களம் கிடையாது. தார் ரோடுதான் களம். பாதி ரோட்டுல நெல் காயும், ஓரத்துல காவலுக்குக் கல்லு வச்சிருப்பாங்க. விவசாயியைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? ஈரம்னு திருப்பி அனுப்பினா அவர் எங்க போவார்?

ஆனா அந்த நெல்லு மேல பிரேக் அடிச்சா குண்டுமணி மேல கால் வச்ச மாதிரிதான். ராத்திரியில அந்தக் கல்லுல மோதி வந்த பைக்காரங்களை மாசி மாசம் ஒவ்வொரு வருஷமும் தையல் போடறேன். வைக்கோல் இன்னும் மோசம். காருக்கு அடியில சுத்திக்கிட்டு, சூடான சைலன்சர்ல பட்டா தீப்பிடிக்கும். தாழ இறக்கின காரா இருந்தா கேக்கவே வேண்டாம். அதனால ரூல் ரெண்டு: சஸ்பென்ஷனை இறக்கி, பெரிய வீல் மாட்டி "மாடிஃபை" பண்ண வண்டி எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

இப்ப வண்டி பார்த்த கதை. மொத்தம் ஏழு வண்டி பார்த்தேன். அதுல மூணு "டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர்". என்கிட்டயே சொல்றாங்க! டாக்டர் வண்டின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல மூணு கிலோமீட்டர், எஞ்சின் சூடாகறதுக்குள்ள ஆஃப். ஆயில் மாத்த நேரம் இருக்காது. டாக்டர் வண்டியைக் கும்பிட்டுட்டு நகர்ந்துடுங்க.

ஒரு போலோ ஜிடி, காரைக்கால் நம்பர், பிஒய் 02. அசத்தலா இருந்தது. சாவியை ஆன் பண்ணினேன். மத்த லைட்டெல்லாம் எரிஞ்சு அணைஞ்சது. ஏர்பேக் லைட் எரியவே இல்ல. நல்ல வண்டியில சாவி போட்டதும் அது சில நொடி எரிஞ்சு அப்புறம் அணையணும். எரிஞ்சுக்கிட்டே இருந்தா கோளாறு. எரியவே இல்லைன்னா யாரோ பல்பைக் கழட்டியிருக்கலாம். அதாவது ஒரு தடவை இடிச்சு, ஏர்பேக் வெடிச்சு, புதுசு போடாம மூடியை மட்டும் ஒட்டியிருக்கலாம். சில பேர் அந்த ஒயரை ஆயில் லைட்டோட இணைச்சு வைப்பாங்க. ரெண்டும் ஒரே நொடியில அணைஞ்சா சந்தேகப்படுங்க. ஈசிஜி பார்க்கற மாதிரி பத்து செகண்ட் அந்த மீட்டரை உத்துப் பார்த்தா போதும். கூட வந்த மெக்கானிக் அண்ணன் காதுல, "சார், முன் பேனட் போல்ட்டுல ஸ்பானர் பட்ட தடம் இருக்கு, கிளம்புவோம்"னார். கிளம்பிட்டோம்.

திருச்சியில ஒண்ணு, சென்னை நம்பர். விலை ரொம்பக் குறைவு. ஏறி உக்கார்ந்ததும் சென்ட் வாசனை தூக்கலா வந்தது. அண்ணன் ஒண்ணும் பேசாம சீட் பெல்ட்டை முழுசா, கடைசி வரை இழுத்தார். அடியில ஒரு அடிக்கு மண் கறை. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் சென்னையில தண்ணியில நின்ன வண்டிங்க எங்க போச்சுன்னு நினைக்கிறீங்க? மாவட்டங்களுக்குத்தான் வருது. கார்ப்பெட் எவ்வளவு வேணா மாத்தலாம். பெல்ட்டோட கடைசி முனையையும் சீட்டுக்கு அடியில இருக்கற தண்டவாளத்தையும் யாரும் துடைக்கறதில்ல.

கடைசியா கும்பகோணத்துல, டிஎன் 68 நம்பர், 2016 ஃபோர்டு ஃபிகோ டீசல், டைட்டானியம் பிளஸ்.

சிரிக்காதீங்க.

1.5 லிட்டர், 100 குதிரைசக்தி, 215 நியூட்டன் மீட்டர் இழுவை, சின்ன உடம்பு, கையால போடற அஞ்சு கியர். ஸ்டியரிங் அவ்வளவு சுத்தம். 2021ல ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிக்கறதை நிறுத்தறோம்னு அறிவிச்சாங்க. அன்னைக்கே பயந்து பழைய வண்டி விலையெல்லாம் இறங்கிடுச்சு. அந்த பயம்தான் எனக்கு டிஸ்கவுன்ட். சர்வீஸும் பார்ட்ஸும் இன்னும் கிடைக்குது. ரெண்டு நாள் காத்திருக்கணும், வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டற வண்டிக்கு அது பரவாயில்ல. அண்ணன் டைமிங் பெல்ட்டைப் பார்த்தார், டர்போ ஹோஸைத் தடவிப் பார்த்தார். டயர்ல தயாரிப்பு வாரமும் வருஷமும் நாலு எண்ணா இருக்கும். 1118ன்னு இருந்தது, 2018ல 11வது வாரம். பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் செத்துப் போயிருக்கும். நாலு டயர் காசை விலையில கழிச்சு 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கு முடிஞ்சது.

மனைவிக்கு ஃபோன் போட்டேன். "எத்தனை?" "ஆறு. முன்னாடி ரெண்டு, பக்கத்துல ரெண்டு, திரை ரெண்டு." "சரி, வாங்கிடுங்க."

அப்பாகிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருந்தது. எழுபத்தெட்டு வயசு. இன்னும் நாலு ஏக்கர் சாகுபடி பார்க்கறார். எல்லாக் காசையும் நெல்லாத்தான் எண்ணுவார். 2025-26க்கு சாதா ரகம் அரசு கொள்முதல் விலை ஊக்கத்தொகையோட குவிண்டாலுக்கு 2500. நாப்பது கிலோ சிப்பம் சரியா ஆயிரம் ரூபா. கணக்குப் போட அவருக்கு ஒரு நொடிதான் ஆச்சு.

"380 சிப்பமா தம்பி? ஞாயித்துக்கிழமை சும்மா சுத்தறதுக்கா?"

ஏக்கருக்கு அறுபது சிப்பம்னு நல்ல விளைச்சலாவே வச்சாலும், அவரோட நாலு ஏக்கர் ஒரு போகம் முழுசும் விளைஞ்சு, செலவே இல்லாம இருந்தாலும் இந்தக் காருக்குப் பத்தாது. என்கிட்ட அதுக்குப் பதில் கிடையாது. இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

பேப்பர் வேலை: படிவம் 29, 30ல ரெண்டு பேரும் கையெழுத்து. லோன் இருந்த வண்டின்னா பேங்க் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம். வேற மாநில நம்பர்னா, காரைக்கால் உட்பட, படிவம் 28 வாங்கணும், இங்க சாலை வரியும் கட்டணும். விலை பேசும்போதே அதைக் கூட்டிப் பாருங்க. இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்துங்க. "அப்புறம் மாத்திக்கலாம் சார்"னு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க. அவர் பேர்ல இருக்கற வண்டியில நீங்க யாரையாவது இடிச்சா ரெண்டு குடும்பமும் கோர்ட்டுக்கு அலையும்.

டாக்டரா ஒண்ணே ஒண்ணு. சீட் பெல்ட் போடாதவருக்கு ஏர்பேக் பாதுகாப்பு இல்ல, அடி. வெடிச்சு வர்ற பை, முன்னாடி சரிஞ்சு வர்ற முகத்தைச் சந்திக்கும். பெல்ட் உங்களை சீட்டுல பிடிச்சு வச்சாதான் அது தலையணை.

நாலு ஞாயிறு ஓட்டியாச்சு. மூணாவது ஞாயிறு கிளம்பும்போது அப்பா சட்டை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னார். "கல்லணையில எவ்வளவு தண்ணி விடறான்னு பார்த்துட்டு வரலாம்"னார். பெல்ட் போடத் தெரியல, நான் போட்டு விட்டேன். திருக்காட்டுப்பள்ளி தாண்டி ஒரு வளைவுல மூணாவது கியர் போட்டு எடுத்தேன். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, "இழுக்குதுடா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு கபிஸ்தலம், சுவாமிமலை வழியா கும்பகோணம் போகலாம்னு பிளான். அந்தப் பக்கம் அறுவடை ஆரம்பிச்சிருச்சான்னு தெரிஞ்சவங்க கமென்ட்ல சொல்லுங்க. ரோட்டுல வைக்கோல் கிடந்தா ஒரத்தநாடு பக்கம் போயிடறேன்.