கேமரன் மலையும் கேஸ் தோம்பும்

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்கள் குளிரைப் பற்றிப் பேசுவார்கள். தேயிலையைப் பற்றியும் ஸ்ட்ராபெரிப் பழத்தைப் பற்றியும் பேசுவார்கள். அந்தக் குளிரில் அடுப்பு எப்படி எரிகிறது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. மலையிலேயே குடியிருக்கும் குடும்பங்களுக்கோ குளிரையும் அடுப்பையும் பிரித்துப் பார்க்க முடியாது. இப்போது வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு மலையேறும் பழக்கமும் வந்துவிட்டது. ஆகவே இது கீழே இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

தாப்பாவிலிருந்து ஏறுவோம். தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர். 1931-இல் போட்டு முடித்த பழைய சடக்கு இது. நேராக ஓடும் இடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரு வளைவு முடியுமுன் அடுத்த வளைவு வந்துவிடும். லாத்தா இஸ்கண்டார் அருவியில் வண்டியை நிறுத்தி முகம் கழுவிக்கொள்ளலாம். அதற்கும் மேலே போனால் சடக்கோரத்தில் பூர்வகுடி மக்கள் பெத்தாயும் மூங்கிலும் காட்டுத் தேனும் வைத்து விற்பார்கள். ரிங்லெட் வந்ததும் காற்று மாறும். இழுத்து மூடிய சட்டைப் பொத்தான்களே அதைச் சொல்லிவிடும்.

1885-இல் இந்த மலையை அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயர்தான் மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டைத் திருத்திச் செடி நட்டவர்களிலும் கொழுந்து பறித்தவர்களிலும் நம்மவர்கள் நிறைய. இன்று பல தோட்டங்களில் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளிகளே கூடுதல். ஆனாலும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன; கோயில் மணியும் கேட்கிறது.

விறகிலிருந்து தோம்புக்கு

லயத்து வீடுகளில் முதலில் விறகு அடுப்பு. கவ்வாத்து செய்த தேயிலைக் குச்சியும் காட்டு விறகும் எரிந்தன. சமையலும் ஆகும், குளிரும் காயலாம். புகையில் கண்தான் கலங்கும். பிறகு மண்ணெண்ணெய் அடுப்பு. அதன் பிறகுதான் கேஸ் தோம்பு. நம் நாட்டு வீடுகளில் 12 கிலோ, 14 கிலோ தோம்புகளைத்தான் அதிகம் பார்க்கிறோம். திருகைத் திறந்து பற்றவைத்தால் ஐந்து நிமிடத்தில் கோப்பி. காலையில் வேலைக்கு ஓடும் தாய்க்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

தோம்புக்குள் இருப்பது புரோப்பேன், பூட்டேன் என்ற இரண்டு வாயுக்கள். அழுத்தி அடைத்திருப்பதால் திரவமாக இருக்கின்றன. ஆட்டினால் தண்ணீர் போல் சளசளவென்று கேட்பது அதுதான். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். அதனால்தான் தோம்பை எப்போதும் நிமிர்த்தியே வைக்கச் சொல்கிறார்கள். நிமிர்ந்திருந்தால் மேலே உள்ள வாயு மட்டும் குழாய்க்குப் போகும். படுக்கப் போட்டால் திரவமே போய்விடும். அடுப்பில் தீ எழும்பும் உயரத்தை அப்புறம் சொல்ல வேண்டியதில்லை.

திரவம் வாயுவாக மாறச் சூடு வேண்டும். அதைத் தோம்பின் இரும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நெடுநேரம் சமைத்தால் தோம்பு சில்லென்று ஆகி மேலே நீர் முத்து முத்தாகப் படிவது இதனால்தான். புரோப்பேன் சுழிக்குக் கீழே 42 பாகைக் குளிரிலும் ஆவியாகும். பூட்டேன் ஏறக்குறைய சுழிப் பாகையிலேயே அடங்கிவிடும். தோம்பு தீரத் தீர, முந்திக்கொண்டு போகும் புரோப்பேன் குறைந்து பூட்டேன் மிஞ்சும். அதனால்தான் குளிர் இரவில், தோம்பு முடியும் தறுவாயில், தீ சோர்ந்து போகிறது. சிலர் அப்போது தோம்பின் மேல் கொதிநீரை ஊற்றுவார்கள். சிலர் சாய்த்து உருட்டுவார்கள். இரண்டும் ஆபத்து. தீயைக் குறைத்துப் பொறுமையாகச் சமைப்பதே வழி.

இன்னொன்றும் உண்டு. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். காற்றின் அழுத்தம் கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 6-இல் 1 பங்கு குறைவு. தண்ணீர் 100 பாகைக்குப் பதில் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று இறக்கினால் பருப்பு வேகாமல் இருக்கும். ஈப்போவிலிருந்து வந்த மருமகள் "இந்த ஊர்ப் பருப்பு சரியில்லை" என்றால் கோபப்படாதீர்கள். குற்றம் பருப்பின் மேல் இல்லை, உயரத்தின் மேல்.

வீட்டு வேன் வருகிறது

கேமரன் மலை என்றால் பழைய லேண்ட் ரோவர். கோசும் தக்காளியும் சுமந்து, பெயிண்ட் உதிர்ந்து, இன்னும் ஓடுகிற அந்த வண்டிகளைப் பார்க்காமல் யாரும் திரும்ப முடியாது. கிடைத்த உதிரிப் பாகத்தை வைத்து அவற்றை ஓட்டிக் காட்டும் கைகள் மலைப் பட்டறைகளில் உண்டு. இப்போது பழைய வேன்களை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் அலமாரியும் வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களையும் பார்க்கிறோம். இது புதுமை அல்ல. 1950-இல் ஜெர்மனியில் வெளிவந்த வோல்க்ஸ்வேகன் வேனை, அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் தங்கும் வண்டியாக மாற்றத் தொடங்கிவிட்டது. பின்னாளில் வந்த சில வண்டிகளில் கேஸ் டாங்கி அடித்தளத்துக்குக் கீழேயே பொருத்தப்பட்டிருந்தது.

அப்படிப்பட்ட பழைய வண்டியைப் புதுப்பிக்கும்போது துருப் பிடித்த தரையைச் சீர்செய்ய டாங்கியை இறக்குவார்கள். மறுபடி ஏற்றும்போதுதான் கவனம் தேவை. என்ஜினில் கோளாறு என்றால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். கேஸில் கோளாறு என்றால் அது நமக்காகக் காத்திருக்காது.

முதலில் டாங்கியையே பார்க்க வேண்டும். வெளியே பளபளப்பாக இருக்கலாம். பட்டை இறுக்கியிருந்த இடத்திலும் அடிப்புறத்திலும் ஈரம் தங்கித் துரு அரித்திருக்கும். மேலே பெயிண்ட் பூசி மறைத்தால் துரு போய்விடாது. டாங்கியில் பொறித்த தேதியைப் பார்த்து, சோதனை செய்ய அனுமதி உள்ளவரிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். டாங்கியின் மேல் வெல்டிங் வைப்பதை யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. காலி டாங்கி என்றாலும் உள்ளே மிச்ச வாயு இருக்கும்.

அடுத்து, அதை நிறுத்தும் இடம். புகைக்குழாயின் சூடு படக் கூடாது. தாப்பாச் சடக்கின் வளைவுகளில் வண்டி ஆடும்போது டாங்கி அசையாதபடி இரும்புப் பட்டையும் போல்ட்டும் இருக்க வேண்டும், கயிறு உதவாது. செம்புக் குழாய் தகட்டுத் தரையைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால், ஆட்டத்தில் உரசி உரசி ஓட்டை விழும். பழைய ரப்பர் குழாயை மறுபடி மாட்டாமல் புதிதே வாங்க வேண்டும். பல டாங்கிகளில் மரை எதிர்ப்புறமாக இருக்கும். இடப் பக்கம் திருப்பினால்தான் இறுகும். அது தெரியாமல் பலம் கொண்டு முறுக்கினால் மரை கெட்டுவிடும். கடைசியில் திருகைத் திறந்து, ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி ஊதினால் கசிவு. தீக்குச்சியைக் காட்டிச் சோதிப்பது சோதனை அல்ல, விபரீதம்.

பள்ளத்தைத் தேடும் வாயு

இத்தனையும் செய்தாலும் ஒன்று மறந்தால் பயனில்லை. தண்ணீர் பள்ளத்தை நாடும் என்பார்கள். தோம்பு வாயுவும் அப்படித்தான். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். பூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் கூரைக்கு ஏறாது. தரையில் படர்ந்து, கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் தேங்கும். காற்றில் 100-க்கு ஏறக்குறைய 2 பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதும்.

2025 ஏப்ரல் 1-ஆம் தேதி புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீ வானளாவ எழுந்ததை நாடே பார்த்தது. அது பூமிக்கடியில் போகும் இயற்கை எரிவாயு. காற்றைவிட லேசானது, மேலே எழும். நம் வீட்டுத் தோம்பில் இருப்பது வேறு வகை. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் எங்கே காற்றுவழி வைப்பது என்று புரியும். மேல் ஜன்னலை மட்டும் திறந்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. வேனில் டாங்கி வைக்கும் பெட்டி உட்புறம் நன்றாக மூடியிருக்க வேண்டும்; அதன் அடியில், வெளியே பார்த்து, துளை இருக்க வேண்டும். வீட்டில் தோம்பை வெளியே, நிழலில், காற்றோட்டமாக வைப்பதே மேல். உள்ளே வைத்தால் கதவுக்குக் கீழே இடைவெளி வேண்டும்.

மலைவாழ் மக்களுக்கு இங்கேதான் சிக்கல். குளிருக்காகக் கதவையும் ஜன்னலையும் அடைக்கிறோம். கீழே உள்ள சந்தில் துணியைத் திணிக்கிறோம். கசிவு வெளியேறும் ஒரே வழியையும் நாமே அடைத்துவிடுகிறோம். சிலர் இன்னும் ஒரு படி போய், குளிர் காய அடுப்பையோ கரிச்சட்டியையோ எரியவிட்டுத் தூங்குகிறார்கள். மூடிய அறையிலும் வேனிலும் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே உயிரை எடுத்துவிடும். குளிருக்குக் கம்பளி போதும். அடுப்பு சமையலுக்கு மட்டும்.

கேஸுக்கு இயற்கையில் வாடை இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் நாற்றம் சேர்க்கிறார்கள். அழுகிய கோசு போல நாறும். கோசுத் தோட்டம் சூழ்ந்த ஊரில், "தோட்டத்து வாடைதானே" என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தோம்பின் திருகை மூடுங்கள். கதவை அகலத் திறந்து பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். தூரம் போன பிறகு 999-ஐ அழைத்துப் பொம்பாவுக்குச் சொல்லுங்கள்.

சுங்கை பாலாஸ் தோட்டத்து மேட்டில் நின்றால், வெட்டிவிட்ட பச்சைக் கம்பளம் போல் மலைச்சரிவுகள் கண்ணுக்கு எட்டிய வரை தெரியும். காலைப் பனி விலகும் நேரத்தில் அந்த அழகுக்கு ஈடில்லை. வீட்டு வேனில் போகிறவர்கள் அங்கே ஒரு தேநீர் போட்டுக் குடிக்க ஆசைப்படுவது நியாயமே. தாராளமாகக் குடியுங்கள். வண்டியை எடுக்கும் முன் டாங்கியின் திருகை மூடுங்கள். வீட்டில் இருக்கும் தாய்மார்களும் இரவு படுக்கப் போகும் முன் இதையே செய்யலாம். அடுப்புக் குமிழை அணைத்தால் மட்டும் போதாது. தோம்பின் திருகையும் மூட வேண்டும். ஒரு கையசைவுதான். பிள்ளைகள் தூங்கும் வீட்டில் அதற்கு இணையான காவல் இல்லை.