ஒரு பாதை, பல ஓட்டங்கள்

நூறு மீட்டர் ஓடுபவரும் நெடுந்தொலைவு ஓடுபவரும் ஒரே மைதானத்தில்தான் பயிற்சி பெறுகின்றனர். ஆயினும் ஒருவர் கற்ற உத்தி மற்றவருக்கு அப்படியே பயன்படுவதில்லை. மண்ணில் ஓடும் கால்களுக்குரிய இவ்வுண்மை, திரையில் ஓடும் வண்டிகளுக்கும் பொருந்தும். வீடியோ கேம் ஒன்றை இயன்றவரை குறைந்த நேரத்தில் ஆடி முடிக்கும் முயற்சியை ‘ஸ்பீட் ரன்’ என்பர். தமிழில் விரைவாட்டம் எனலாம். வெறும் பொழுதுபோக்கு என்று பெரியோர் பலர் ஒதுக்கும் இவ்வாட்டத்தில் திட்டமிடலும் பொறுமையும் நேர்மையும் எத்துணை வேண்டியுள்ளன என்பதை ‘மரியோ கார்ட் 64’ என்னும் பந்தய விளையாட்டைக் கொண்டு அறியலாம்.

ஜப்பானின் கியோட்டோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட நிண்டெண்டோ நிறுவனம் 1996ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இவ்விளையாட்டை வெளியிட்டது. இதில் 16 பந்தயப் பாதைகள் உள்ளன. அவை நான்கு கோப்பைகளாக, கோப்பைக்கு நான்கு பாதைகள் வீதம் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பாதையையும் மூன்று முறை சுற்றி வர வேண்டும். ஆடும் முறைகளுள் இரண்டு விரைவாட்டக்காரர்களுக்கு முதன்மையானவை. ஒன்று, எதிரிகளே இல்லாமல் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் ‘டைம் டிரையல்’. மற்றொன்று, எட்டு வண்டிகள் மோதும் ‘கிராண்ட் பிரீ’. பாதை ஒன்றே, ஆனால் முறை மாறினால் உத்தியும் மாறும்.

டைம் டிரையல் முறையில் ஆட்டக்காரருக்குத் தொடக்கத்திலேயே மூன்று காளான்கள் தரப்படுகின்றன. ஒரு காளானைப் பயன்படுத்தினால் வண்டி சிறிது நேரம் மிகு வேகத்தில் பாயும். வழியில் வேறு பொருள் எதுவும் கிடைக்காது. எனவே, அம்மூன்றையும் எங்கே செலவிடுவது என்பதே முதல் வினா. புதிதாக ஆடுபவர் நேரான சாலையில் அவற்றைச் செலவிட்டு மகிழ்வார். தேர்ந்தவரோ புல்வெளியைக் குறுக்கே கடக்கும் இடத்திற்காகச் சேமித்து வைப்பார். புல்லில் இறங்கினால் வண்டியின் வேகம் குறையும். காளானின் விசை அக்குறையை நீக்கி, வளைவைச் சுற்றாமலே கடக்க உதவும். மூன்று சுற்றுக்கு மூன்று காளான் என்று பங்கிட்டு, சுற்றுக்கு ஒன்றாக ஏற்ற இடத்தில் செலவிடுவது பல பாதைகளில் சிறந்த வழியாகிறது.

ஆனால் அதே முறையில் இன்னொரு சாதனையும் உண்டு. மூன்று சுற்றுகளின் மொத்த நேரத்தோடு, தனியொரு சுற்றின் மிகக் குறைந்த நேரமும் கணக்கிடப்படுகிறது. தனிச் சுற்றுச் சாதனையை நாடுபவர் சிக்கனத்தைக் கைவிடுகிறார். முதல் சுற்றில் வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டியிருப்பதால், அச்சுற்றைப் பொருட்படுத்தாமல் காளான்களைக் காத்து வைத்து, பின்வரும் ஒரு சுற்றிலேயே மூன்றையும் செலவிடுகிறார். மொத்த நேரம் கெடும் என்பதை அறிந்தே அவ்வாறு செய்கிறார். இலக்கு எதுவெனத் தெளிந்த பின்னரே சிக்கனம் எது, வீண்செலவு எது என்று சொல்ல முடியும்.

வளைவுகளில் கை செய்ய வேண்டிய வேலை வேறு. வண்டியைச் சறுக்கவிட்டு, திருகுபிடியை வெளிப்புறமும் உட்புறமுமாக மாற்றி மாற்றி அசைத்தால், சக்கரத்திலிருந்து எழும் வெண்புகை நிறம் மாறும். உரிய நிறம் வந்ததும் விடுவித்தால் வண்டிக்குச் சிறு உந்துதல் கிடைக்கும். இதற்கு ‘மினி டர்போ’ என்று பெயர். தேர்ந்தவர்கள் நேரான சாலையிலும் இதைச் செய்கின்றனர். ஓர் உந்துதல் தரும் ஆதாயம் ஒரு நொடியின் சிறு பகுதியே. அச்சிறு பகுதிகளைச் சேர்ப்பதற்காக ஒரே வளைவை நூறு முறை ஓட்டிப் பார்ப்போர் உளர்.

கிராண்ட் பிரீ முறையில் இவ்வளவு துல்லியத்திற்கு இடமில்லை. அங்கே பொருள்கள் பாதையில் உள்ள பெட்டிகளிலிருந்து கிடைக்கின்றன. எது கிடைக்கும் என்பது வாய்ப்பைப் பொறுத்தது. ஓடும் இடத்தையும் பொறுத்தது. முன்னால் செல்பவருக்குப் பெரும்பாலும் வாழைப்பழத்தோல் போன்ற எளிய பொருள்களும், பின்தங்கியவருக்கு நட்சத்திரம், மின்னல் போன்ற வலியவையும் கிடைக்கும். கணினி ஓட்டும் வண்டிகளை எவ்வளவு விலக்கினாலும் அவை விரைந்து நெருங்கிவரும். நான்காம் இடத்திற்குள் வராவிட்டால் அதே பந்தயத்தை மீண்டும் ஓட வேண்டும். எனவே, இங்கு மிக வேகமான வழியை விட, இடர் நேர்ந்தாலும் மீளக்கூடிய வழியே பல வேளைகளில் சிறந்தது.

இரு முறைகளுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு தவற்றைக் கையாளும் விதத்தில் உள்ளது. டைம் டிரையலில் முதல் வளைவிலேயே பிழை நேர்ந்தால் ஆட்டக்காரர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்குகிறார். இழப்பு சில நொடிகளே. ஆனால் 16 பாதைகளையும் குறுக்குவழியின்றித் தொடர்ந்து ஓடி முடிக்க அரை மணி நேரத்திற்கு மேல் ஆகும். பதினான்காம் பந்தயத்தில் வாழைப்பழத்தோலில் சறுக்கிய ஆட்டக்காரர் என்ன செய்வார்? தொடக்கத்திற்குத் திரும்பினால் அதுவரை உழைத்தது அனைத்தும் வீணாகும். தொடர்ந்தால், நடுங்கும் கைகளோடு அடுத்த வளைவைச் சந்திக்க வேண்டும். இழந்த இரண்டு நொடிகளை உடனே மீட்க எண்ணித் துணிகிறவர் மேலும் நான்கு நொடிகளை இழப்பதுண்டு. இழந்ததை இழந்ததாகவே விட்டு, எதிரே உள்ள வளைவை வழக்கம்போல் திருப்புபவரே மீள்கிறார். இத்திறன் தனியாக ஓடிப் பழகும்போது கைகூடுவதில்லை.

குறுக்குவழி பற்றியும் இங்குக் கூற வேண்டும். ‘ரெயின்போ ரோடு’ என்னும் பாதையின் தொடக்கச் சரிவிலிருந்து தடுப்பைத் தாண்டிக் குதித்தால், கீழே செல்லும் பாதையில் விழுந்து சுற்றின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். குறி தவறினால் வண்டி வெளியில் விழும்; அதைத் தூக்கி மீண்டும் பாதையில் வைக்கும் வரை நேரம் கழியும். இத்தகைய குறுக்குவழியைப் பயன்படுத்துவது குற்றமன்று. ஆனால் பயன்படுத்திய ஓட்டங்களும் பயன்படுத்தாத ஓட்டங்களும் தனித்தனிப் பட்டியல்களில் வைக்கப்படுகின்றன. ஐரோப்பியப் பதிப்பு, அங்குள்ள தொலைக்காட்சிகளுக்கேற்ப நொடிக்கு 60 என்பதற்குப் பதிலாக 50 துடிப்புகளில் மெதுவாக ஓடுவதால், அதன் நேரங்களையும் பிரித்தே பதிகின்றனர். எந்த விதியின்கீழ் ஓடினோம் என்பதை மறைக்கும் ஓட்டத்திற்கே அங்கு மதிப்பில்லை.

நள்ளிரவில் தனியறையில் ஒருவர் முறியடிக்கும் சாதனைக்குக் கைதட்ட எவரும் இல்லாதிருக்கலாம். திரையில் நொடியின் நூறில் ஒரு பங்கு குறைந்திருக்கும், அவ்வளவே. அதைக் கண்டு புன்னகைத்தபின் அவர் மீண்டும் தொடக்கக் கோட்டிற்கு வண்டியைக் கொண்டு வருகிறார். அடுத்து ஓடப்போவது கடிகாரத்தோடா, ஏழு எதிரிகளோடா என்பதை முதலில் முடிவு செய்கிறார். காளானை எங்கே செலவிடுவது என்பது அதன் பிறகே முடிவாகிறது.