ஏழாம் தலைமுறை

‘ஏழு தலைமுறை’ என்னும் சொல்லாட்சியை நம் முன்னோர் கண்ணுக்கெட்டாத காலத்தைக் குறிக்கவே கையாண்டு வந்திருக்கின்றனர். ஏழு தலைமுறைக்கும் உட்கார்ந்து உண்ணலாம் என்று ஒருவரின் செல்வத்தைச் சொல்வர். ஏழு தலைமுறைப் பகை என்று இரு குடும்பங்களின் மனக்கசப்பைச் சொல்வர். கணினி உலகிலோ அத்தனை தலைமுறைகளும் ஒரு பத்தாண்டுக்குள் பிறந்து முதிர்ந்துவிட்டன. இன்டெல் நிறுவனம் தன் ‘கோர்’ வரிசைச் சில்லுகளின் முதல் தலைமுறையை 2008-இல் வெளியிட்டது. மேசைக் கணினிக்கான ஏழாம் தலைமுறைச் சில்லுகள் 2017 ஜனவரியில் பரவலாக வந்தன. எட்டாம் தலைமுறை அதே ஆண்டு அக்டோபரில் வந்துவிட்டது. தமையனுக்கும் தம்பிக்கும் ஒன்பது மாதமே இடைவெளி.

அந்த ஒன்பது மாதம் பின்னாளில் ஒரு மதிற்சுவராயிற்று. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11, ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பின் வந்தவற்றையுமே ஏற்றுக்கொண்டது. பாதுகாப்பு வசதிகள் காரணமாகச் சொல்லப்பட்டன. பழைய விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. முதல் நாள் வரை கணக்கு எழுதியும் கடிதம் அடித்தும் வந்த இயந்திரங்கள் மறுநாளும் அதே வேலையைச் செய்யக்கூடியவையே. எனினும் அலுவலகங்கள் அவற்றை மொத்தமாகக் கழித்து விலைக்குப் போட்டன. அவ்வாறு கழிக்கப்பட்டவற்றுள் ஒன்றுதான் இப்போது என் வீட்டுக் கூடத்தில், தையல் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையே இருக்கிறது.

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை வாசகர்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். உறவினர் திருமணத்துக்குச் சென்ற இடத்தில் ஒரு முற்பகலை அங்கே செலவிட்டேன். அகலம் குறைந்த அத்தெருவில் சிறு கடைகளும், மாடிப்படிகளின் கீழே அவற்றினும் சிறு கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. குத்தகைக் காலம் முடிந்த அலுவலகக் கணினிகளை வணிகர்கள் லாட்டாக வாங்கிவந்து, தூசு தட்டி, பழுதானவற்றை மாற்றி, ‘ரீஃபர்பிஷ்டு’ என்ற பெயரில் விற்கின்றனர். “எட்டாவது ஜென் வேணுமா சார், ஏழாவது போதுமா? ஏழுன்னா மூவாயிரம் குறையும்” என்றார் கடைக்காரத் தம்பி. ‘போதுமா’ என்று அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. எதற்குப் போதும் என்று நான் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். ஐம்பத்தொன்பது வயதில் ஒருவர் விளையாடுவதற்காகக் கணினி வாங்க வருவது அக்கடைக்குப் புதிதாயிருக்கலாம்.

உண்மையில் நான் அதை வாங்கியது எனக்காக மட்டுமன்று. என் தங்கையின் கணவர் கத்தாரில் பணிபுரிகிறார். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகனும் தங்கையும் தூத்துக்குடியில் எங்கள் அடுத்த தெருவில் வசிக்கின்றனர். சென்ற ஆண்டு ஒரு நாள், தங்கையின் வங்கிக் கணக்கிலிருந்து சிறிது சிறிதாக ரூ.1,860 போயிருப்பது தெரியவந்தது. பையன் கைப்பேசியில் ஆடிய ஒரு விளையாட்டுக்குள் புதையல் பெட்டிகளைத் திறப்பதற்காகச் செலவழிந்த தொகை அது. தங்கை அழுதாள். பையன் வாயே திறக்கவில்லை. கைப்பேசியைப் பூட்டி வைத்தாள். அவன் மூன்று நாள் சரியாக உண்ணவில்லை. நான்காம் நாள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். தாயை நான் குறை சொல்லமாட்டேன். தந்தை தொலைவில் இருக்கும் வீட்டில் எல்லா மறுப்பையும் ஒருத்தியே சொல்லவேண்டியிருக்கிறது.

அந்த விளையாட்டைப் பக்கத்தில் அமர்ந்து சில மாலைகள் கவனித்தேன். என்னை உறுத்தியது அதிலுள்ள சண்டையோ ஓசையோ அன்று. அதற்கு முடிவே இல்லை என்பதுதான். இன்று வந்தால் பத்துக் காசு, நாளையும் வந்தால் இருபது காசு, ஒருநாள் தவறினால் சேர்த்ததெல்லாம் போயிற்று என்ற ஏற்பாடு. ஆடுபவன் வெல்லவும் வேண்டாம், தோற்கவும் வேண்டாம், எழுந்து போகாமலிருந்தால் போதும் என்று எண்ணி அதை அமைத்திருக்கிறார்கள். கந்துவட்டிக்காரர்கூட அசலைக் கட்டினால் ஆளை விடுவார்.

முடிவுள்ள விளையாட்டுகளை நான் கண்டிருக்கிறேன். எழுத்தராகப் பணிபுரிந்த அலுவலகத்துக்கு 1993-இல் ஒரு கணினி வந்தது. பணி நேரம் முடிந்தபின் இளையவர்கள் அதில் ஆடுவதை நின்று பார்ப்பேன். அதன் முகப்பில் ‘டர்போ’ என்றொரு பொத்தான் உண்டு. பெயர்தான் டர்போ, அதன் உண்மையான பயன் கணினியின் வேகத்தைக் குறைப்பதே. 1981-இல் வந்த ஐ.பி.எம். கணினியின் இதயம் வினாடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் முறை துடித்தது. அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றை அத்துடிப்பைத் தாளமாகக் கொண்டே எழுதினர். இயந்திரம் விரைந்தபோது ஆட்டமும் விரைந்து, விரலசைக்குமுன் வீரன் மாண்டான். ஆகவே பழைய தாளத்துக்குத் திரும்ப ஒரு பொத்தான் வேண்டியிருந்தது. நான் வாங்கிய கணினி வினாடிக்கு 340 கோடி முறை துடிக்கிறது. அதனுள் ‘டாஸ்பாக்ஸ்’ என்னும் இலவச மென்பொருள் ஒரு பழங்காலக் கணினியாக நடித்து, வேகத்தை வேண்டிய அளவு தாழ்த்திக் கொடுக்கிறது. எழுநூறு மடங்கு விரைவாக ஓடவல்லவன் முதியவரின் கைபிடித்து நடப்பது போன்ற காட்சி.

வாங்கிய கதைக்கு வருவோம். கேட்ட விலை ரூ.10,500, முடிந்த விலை ரூ.9,200. எட்டு ஜி.பி. நினைவகம், புதிதாகப் பொருத்திய எஸ்.எஸ்.டி., கீபோர்டு, மவுஸ் உட்பட. மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். விசிறியில் தூசு இருந்தால் குற்றமில்லை, தட்டிவிடலாம். பலகையிலுள்ள சிறு உருளைகளான கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் வாங்கக் கூடாது. சில்லுக்கும் அதன்மேல் அமர்ந்த உலோகத் தகட்டுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தப் பூசும் பசை, ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து சுண்ணாம்பாகிவிடும். அதைச் சுரண்டியெடுத்துப் புதிதாகப் பூசச் சொன்னேன். தம்பி முகம் கோணாமல் செய்தார். காசு வடிவ மின்கலம் செத்துப்போயிருந்ததால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அது தேதியைப் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிக் காட்டியது. அதையும் மாற்றினோம். பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, முத்துநகர் விரைவு வண்டியில் கீழ்ப் படுக்கையின் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த அம்மையார் விடியும் வரை அதை ஒரு சுரூபம் என்றே எண்ணியிருக்கிறார்.

வீட்டில் விண்டோஸை நீக்கிவிட்டு லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவினேன். தலைமுறை கேட்டு வாசலில் நிறுத்தாத தளம் அது. அலுவலகக் கணினியின் பின்புறத் துளை வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பொருந்தாததால், ஒரு மாற்றுக் கம்பிக்கு மேலும் ரூ.350 ஆயிற்று. அவ்வளவே செலவு.

விளையாட்டுகளை எங்கிருந்து பெறுவது என்பது சற்று நின்று யோசிக்கவேண்டிய செய்தி. பழையது, யாரும் கேட்கமாட்டார்கள் என்று படியெடுத்துக்கொள்வதே பொதுவழக்கம். ஆனால் பழையதாகிவிட்டதால் ஒருவரின் உழைப்பு பொதுச்சொத்தாகிவிடுவதில்லை. சட்டப்படியும் அதற்குப் பல பத்தாண்டுகள் செல்லவேண்டும். அதே வேளையில், விலை கொடுத்து வாங்கலாம் என்றாலும் பெரும்பாலானவை கிடைப்பதில்லை. அமெரிக்காவிலுள்ள காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையிலேயே இல்லை. ஆய்வாளர்கள் அவற்றை நூலகங்களிலிருந்து தொலைவழி பெற்றுப் பயில விதிவிலக்கு வேண்டுமென்ற கோரிக்கையையும் 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் ஏற்க மறுத்துவிட்டது. விற்கவும் மாட்டோம், நூலகத்தின் வழியே தரவும் விடமாட்டோம் என்பது வைக்கோற்போரைக் காத்த நாயின் நியாயமாகவே எனக்குப் படுகிறது.

ஆகவே நானாக ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டேன். போலந்து நாட்டவர் 2008-இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. என்னும் இணையக் கடையில் விற்பனைக்கு இருந்த இரண்டை விலை கொடுத்து வாங்கினேன். ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ என்ற 1994-ஆம் ஆண்டின் விளையாட்டை அதன் உரிமையாளர்களே 2003-இல் இலவசமாக அளித்துவிட்டனர். அதை நன்றியோடு ஏற்றேன். இரண்டு வகையிலும் அடங்காததை, ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ என்னும் காப்பகத்தின் பக்கத்திலேயே ஆடுகிறோம், வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. அக்காப்பகம் 2015 ஜனவரியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய டாஸ் விளையாட்டுகளை அவ்வாறு திறந்துவைத்தது. நூலகத்தில் அமர்ந்து படித்துவிட்டு நூலை அங்கேயே வைத்துவிட்டு வருவதற்கு ஒப்பாக இதைக் கருதுகிறேன். இதுவும் சரியன்று என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் வாதத்திலும் வலுவிருக்கிறது.

அவ்வாறு ஆடுவதுதான் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. ஜோர்டன் மெக்னர் என்னும் அமெரிக்க இளைஞர் ஆப்பிள் 2 கணினிக்காக ஏறத்தாழத் தனியொருவராய் எழுதி, 1989-இல் வெளிவந்தது. ஏறத்தாழ என்றது, குடும்பம் துணை நின்றதால். தம்பியை வெள்ளுடையில் ஓடவும் தாவவும் செய்து படமெடுத்து, அவ்வசைவுகளைக் காட்சி காட்சியாக வரைந்தே இளவரசனை நடமாட விட்டார். இசையமைத்தவர் அவர் தந்தை. சிறைப்பட்ட இளவரசன் நிலவறைகளைக் கடந்து இளவரசியை மீட்கவேண்டும். அதற்கு உள்ள காலம் அறுபது நிமிடம். அறுபது நிமிடம் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. நாளை வா என்ற அழைப்பில்லை, புதையல் பெட்டியில்லை, காசு கேட்கும் வாயில்லை.

அக்கணினியில் இருந்த நினைவகம் 128 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் இருபதில் ஒரு பங்குகூட வராது. இளவரசனின் அசைவுகளே இடத்தையெல்லாம் நிரப்பிவிட்டமையால், எதிரி ஒருவனை வரைய இடமில்லாது போயிற்று. எதிரியின்றி ஆட்டம் சுவைக்காது என்று உடனிருந்த தோழி ஒருவர் விடாமல் வற்புறுத்தினார். மெக்னர் ஓர் உபாயம் கண்டார். இளவரசனின் அதே படத்தை இம்மியளவு நகர்த்தி அதன்மேலேயே பொருத்தினால் மினுமினுக்கும் நிழலுரு ஒன்று கிடைத்தது. புதிதாக இடம் தேவைப்படவில்லை. இப்படிப் பிறந்தவன்தான் நிழல் மனிதன். நான்காம் கட்டத்தில் வழியை மறித்து நிற்கும் கண்ணாடியை இளவரசன் பாய்ந்து கடக்கும்போது மறுபக்கம் அவன் வெளியே குதித்து ஓடுகிறான். அடுத்த கட்டத்தில் நமக்குரிய மருந்தைக் குடித்துவிடுகிறான். அதற்கடுத்த கட்டத்தில் கதவை அடைத்து நம்மைப் பள்ளத்தில் விழச்செய்கிறான். இறுதிக்கு முன்பு அவனே வாளோடு எதிர்வருவான். அவனை வெட்டினால் நம் உயிரே குறையும். கொன்றால் நாமே மடிவோம். வாளை உறையிலிட்டு அவனை நோக்கி நடந்தால்தான் இருவரும் ஒருவராகி வழி திறக்கும்.

இதை நான் பையனிடம் சொல்லவில்லை. கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். முதல் வாரம் அவன் பத்து நிமிடத்துக்கு மேல் அமரவில்லை. படம் மங்கல், குதிப்பது தாமதம், இது என்ன ஆட்டம் என்றான். கைப்பேசியையும் விட்டுவிடவில்லை, இன்றும் அது அவன் கையில்தான் இருக்கிறது. ஆனால் மாலையில் ஒரு மணி நேரம் எங்கள் வீட்டுக்கு வருகிறான். நான் விழுந்து விழுந்து சாவதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிறான். நிழல் மனிதன் மருந்தைக் குடித்த அன்று, “அவன் ஏன் மாமா என்னை மாதிரியே இருக்கான்?” என்று கேட்டான்.

சென்ற ஞாயிறு இரவு ஒன்பதரை மணிக்குத் தங்கையின் கணவர் கத்தாரிலிருந்து அழைத்தார். அங்கே ஏழு மணி. வழக்கமாகச் “சாப்பிட்டியா, படிச்சியா” என்ற இரண்டு கேள்விகளோடு கைப்பேசி தாயிடம் போய்விடும். அன்று பையன் எங்கள் வீட்டில் கணினியின்முன் இருந்தான். திரையைத் தற்செயலாகக் கண்ட தந்தை, “டேய், இது பிரின்ஸ் இல்ல? பள்ளிக்கூட லேப்ல வாத்தியார் வெளிய போனதும் இதத்தான்டா போடுவோம்” என்றார். மூன்றாம் கட்டத்து எலும்புக்கூட்டை எப்படிக் கடந்தாய் என்று கேட்டார். வாளால் அது சாகாது என்றும், பின்னே தள்ளிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் வீழ்த்தியதாகவும் பையன் விளக்கினான். தங்கை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்ப எந்த லெவல்?”

“ஆறு முடிஞ்சிருச்சுப்பா. கீழ தள்ளி விட்டுட்டான்.”

“எலி வந்துச்சா?”

“எலியா? எங்கப்பா எலி?”

“எட்டுக்குப் போ. நான் சொல்லமாட்டேன்.”

“அப்பா, சொல்லுங்கப்பா!”

“அடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன். அதுக்குள்ள எட்டுக்குப் போயிடணும், என்ன?”