இருமக் கற்றுக்கொடுத்தல்

இதய அறுவைக்குப் பிறகு நோயாளி தானாகச் செய்ய வேண்டிய முதல் வேலை இருமுவது. மயக்க மருந்தும் வென்டிலேட்டரும் நுரையீரலின் அடிப்பகுதியைச் சுருக்கிவிடும். சளி அங்கே தங்கும். அதை வெளியேற்றாவிட்டால் காய்ச்சல், நிமோனியா, மறுபடியும் வாயில் குழாய். ஆனால் நெஞ்செலும்பை நடுவே அறுத்து எஃகுக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அந்த எலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும். முழு வலு வர ஏறக்குறைய 3 மாதம். இருமல் என்றதும் நோயாளி நடுங்குவது இதனால்தான்.

நாள் குறித்துச் செய்யும் பைபாஸில் முந்தின நாள் மாலையே, இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும் தலையணையைக் கொடுத்துப் பழக்கிவிடலாம். அவசர அறுவையில் அந்த மாலை கிடைப்பதில்லை. மகாதமனியின் உட்சுவர் கிழிந்து வருபவருக்குத் தொடக்கத்தில் மணிக்கு 1 முதல் 2 சதவீதம் வீதம் உயிராபத்து ஏறிக்கொண்டே போகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கையெழுத்து, இரத்தம், மேசை. கண் விழித்தால் கழுத்தில் லைன், வயிற்றுக்கு மேலே டிரெயின், தோலுக்கு வெளியே பேசிங் ஒயர். நெஞ்சைத் திறந்தார்கள் என்பதே சிலருக்குத் தெரியாது. அந்த நிலையில், வலியின் நடுவே, இருமக் கற்றுக்கொடுப்பதுதான் இதய வார்டுச் செவிலியரின் ஆகக் கடினமான வேலை.

புதுச்சேரியின் உழவர்கரை நகராட்சிக்குள் இருக்கும் கோரிமேட்டுக்கு இப்படிப்பட்டவர்கள் விழுப்புரம், கடலூர், திண்டிவனம் பக்கமிருந்தும் வருகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் அங்கே இருக்கிறது. 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி, 1964-இல் இன்றைய பெயர். இதய அறுவையின் வரலாற்றிலும் பெயர்கள் உண்டு: ஜான் கிப்பன் 1953-இல் இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு வெற்றிகரமாக அறுவை செய்தார். கே.எம். செரியன் 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். இந்தப் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். அறுவை முடிந்த இரவுகளில் முதுகைத் தாங்கி இருமச் செய்தவர்களைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

முறை இதுதான். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும். வலி மருந்து கொடுத்து அது வேலை செய்யும் வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். பிறகு தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லி, அதன்மேல் செவிலியரும் கை வைக்க வேண்டும். “கம்பி அறுந்துடுமாம்மா?” என்ற கேள்வி வந்தே தீரும். “அறுந்துடாதுங்க ஐயா, நானும் பிடிச்சிருக்கேன்” என்பதைத் தவிர வேறு பதில் உதவாது. முதலில் வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல ‘ஹா’ என்று இரண்டு தடவை. மூன்றாவது தடவை இருமல் தானே வரும்.

அடுத்தது மூன்று பந்து ஸ்பைரோமீட்டர். அறைகளின் மேல் 600, 900, 1200 என்று எழுதியிருக்கும். வாங்கியதும் பெரும்பாலோர் ஊதுவார்கள், பந்து அசையாது. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிப்பது போல உறிஞ்சுங்கள் என்றால் புரிந்துவிடும். பந்து வேகமாக உச்சிக்குப் போவதில் ஒன்றும் இல்லை. முதல் பந்தை மூன்று விநாடி மேலேயே நிறுத்துவதுதான் பயிற்சி; விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து தடவை.

இன்று பல வார்டுகளில் அந்தக் கருவியைப் பிரிக்காத உறையோடு மேசையில் வைத்துவிட்டு சார்ட்டில் டிக் போட்டுவிடுகிறார்கள். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 96 இருக்கிறதே என்கிறார்கள். மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது அந்த 96 நுரையீரலின் அடிப்பகுதியைப் பற்றி எதுவும் சொல்லாது. முதுகில் ஸ்டெத் வைத்தால்தான் அங்கே காற்று போகவில்லை என்பது கேட்கும். ஆள் குறைவு என்பது உண்மை. ஆனால் இருமச் செய்யப் பத்து நிமிடம் போதும்; நிமோனியா வந்தால் ஒரு வாரம் போகும். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எத்தனை கிராஃப்ட், எத்தனை மணி நேரம் பம்ப் என்றெல்லாம் இருக்கும். இருமல் பற்றி ஒரு வரி இருக்காது.

மூன்றாம் நான்காம் நாளில் பலர் அழுவார்கள். ஒருநாளும் கண் கலங்காத ஆண்களும் அழுவார்கள். வீட்டார் பயந்துபோகிறார்கள். இந்த அழுகை பெரும்பாலும் சில வாரங்களில் தணியும்; நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். “மறுபிறவி” என்று பார்க்க வருபவர்கள் சொல்வதை நோயாளி அந்நேரத்தில் ஒப்புக்கொள்வதில்லை. குழாயெல்லாம் எடுத்தபின் முதல் வாய் காபி தொண்டையில் இறங்கும்போதோ, வராந்தாவின் கோடிவரை நடந்து ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்க்கும்போதோ முகம் மாறும். அதுவரை பொறுக்க வேண்டும்.

வீட்டில் ஊறுகாயும் கருவாடும் ஒதுங்க வேண்டும். கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம் தொடக் கூடாது. மருத்துவர் சொல்லும்வரை ஸ்கூட்டியும் கூடாது. இந்த ஊரில் இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

ஆறாவது வாரம் ஓ.பி.க்கு வருபவர்கள் ஆட்டோ குலுங்கும் என்று அந்தத் தலையணையையும் கொண்டுவருகிறார்கள். நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து இருமச் சொல்ல வேண்டும். எலும்பு நகர்வதும் ‘க்ளிக்’ என்ற சத்தமும் இல்லையென்றால் தலையணையை விட்டுவிடலாம்.