தர்மபுரியும் ஒரு போலந்து டாக்டரும்

தர்மபுரி என்றதும் நமக்கு ஒகேனக்கல்தான் ஞாபகம் வரும். பரிசல், அருவிக் குளியல், சுடச்சுட மீன் குழம்பு! ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானின் தகடூரும் இதுதானே! வழியெல்லாம் புளிய மரங்கள். அரூர்ப் பக்கம் போனால் சித்தேரி மலை.

மலையிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் பல பெண்கள் பிரசவத்துக்கு வருவது டவுனில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு. 2008-ல் தொடங்கிய கல்லூரி இது. கர்ப்பிணிகளின் அட்டையில் ஏ, பி, ஏபி, ஓ என்று ரத்த வகை எழுதியிருக்கும். இந்தப் பெயர்களை வழங்கியவர்களில் ஒருவர் போலந்துக்காரர், லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட். ரத்த வகை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்று 1910-ல் டுங்கெர்னுடன் சேர்ந்து காட்டியவரும் இவரே.

முதல் உலகப் போரின்போது கிரீஸ் நாட்டு சலோனிகாவில், மனைவி ஹன்னாவோடு பல நாட்டுச் சிப்பாய்களின் ரத்தத்தைச் சோதித்தார். ஹன்னாவும் டாக்டர்தான். நம் இந்தியச் சிப்பாய்களும் கை நீட்டினார்கள். அவர்களிடம் பி வகை அதிகம். ஆங்கிலேயரிடம் ஏ அதிகம். 1919-ல் இதை வெளியிட்டார்கள். அப்புறம் வார்சா கெட்டோவில் அடைபட்டுத் தப்பினார்கள். ஒரே மகளை 1943-ல் பறிகொடுத்தார்கள். அந்தத் துக்கத்தோடும், போருக்குப் பின் தாய்க்கும் சிசுவுக்கும் ரத்தம் ஒத்துப்போகாத கோளாறை ஆராய்ந்தார். 1954-ல் காலமானார்.

அது என்ன கோளாறு? தாய் ஆர்ஹெச் நெகடிவ், குழந்தை பாசிடிவ் என்றால், பிரசவத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடம்பில் கலக்கும். தாயின் உடம்பு அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்தது பாசிடிவ் என்றால் சோகையோ கடும் மஞ்சள் காமாலையோ வரலாம். வயிற்றிலேயே இறக்கவும் கூடும். இது தெரியாமல் எத்தனை மருமகள்களை 'ராசியில்லாதவள்' என்று ஏசியிருப்பார்கள்!

இதைத் தடுக்க 1968 முதல் 'ஆன்டி-டி' ஊசி இருக்கிறது. ஏழாம் மாதம் ஒன்று. குழந்தை பாசிடிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கர்ப்பம் கலைந்தாலும் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

உங்கள் அட்டையில் 'நெகடிவ்' என்றிருக்கிறதா? பயம் வேண்டாம். முதல் பிரசவத்திலேயே ஊசியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.