காத்திருப்பவரின் உள்ளாடை

பிப்ரவரி மாதத்து விடியற்காலை. லடாக்கின் ஷாம் பகுதியில், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்திலிருந்த ஒரு முகட்டை நோக்கி இருவர் ஏறிக்கொண்டிருந்தனர். முன்னே சென்றவர் அறுபது வயதைக் கடந்த உள்ளூர் முதியவர். பின்னே மூச்சிரைக்கச் சென்றவன், பனிச்சிறுத்தையின் இரையாகிய ஐபெக்ஸ் மலையாடுகளைப் பற்றி ஆய்வு செய்ய வந்திருந்த மாணவன். வெப்பமானி உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியைக் காட்டியது.

மாணவன் தன்னால் இயன்ற அளவுக்கு முன்னெச்சரிக்கையோடுதான் வந்திருந்தான். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கிய இறகு அடைத்த ஜாக்கெட் வெளியே. அதற்குள் ஃபிளீஸ் சட்டை. அதற்குள் கடைக்காரர் "மிகவும் சூடானது" என்று சான்று கூறித் தந்த தடித்த தெர்மல். எல்லாவற்றுக்கும் அடியில், நினைவு தெரிந்த நாள்முதல் உள்ள பழக்கத்தால், ஒரு திருப்பூர்ப் பருத்திப் பனியன். முதியவரோ தம்முடைய கம்பளி அங்கியான கோன்சாவின் மேற்பகுதியைத் தோளிலிருந்து நழுவவிட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு, மெல்லிய சட்டையோடு நிதானமாக ஏறிக்கொண்டிருந்தார். இந்தக் குளிரில் இவர் இப்படி நடக்கிறாரே என்று மாணவன் உள்ளூர இரக்கப்பட்டான்.

முகட்டை அடைந்ததும் முதியவர் கோன்சாவைத் தோளுக்கு ஏற்றி, இடுப்புக்கச்சையை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாறை மறைவில் அமர்ந்தார். மாணவன் தொலைநோக்கியை முக்காலியில் பொருத்தினான். எதிர்ச்சரிவில் ஐபெக்ஸ் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. கிடாக்கள் எத்தனை, பெட்டைகள் எத்தனை, குட்டிகள் எத்தனை என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்க வேண்டும், அதுதான் வேலை.

நாற்பது நிமிடம் கழித்து அவனுடைய விரல்கள் தொலைநோக்கியின் குவியத் திருகைத் திருப்ப மறுத்தன. குறிப்பேட்டில் எழுதிய எண்கள் அவனுக்கே புரியவில்லை. முதியவர் ஏதோ கேட்டார். அவன் விடை சொன்னான். சொற்கள் நாவில் குழறின. முதியவர் மறுசொல் பேசாமல் அவனுடைய கழுத்துப்பட்டைக்குள் கைவிட்டு முதுகைத் தொட்டுப் பார்த்தார். பனியனும் தெர்மலும் நனைந்து சில்லிட்டிருந்தன. அவற்றைக் கழற்றச் செய்து, தம் மூட்டையிலிருந்த உலர்ந்த கம்பளிச் சட்டையை அணிவித்து, வெந்நீர்க் குடுவையைத் திறந்து கொடுத்தார். நடுக்கம் சற்றே அடங்கி நாக்கு தெளிந்தபின் அவனை இறக்கி ஊருக்கு அழைத்துச் சென்றார். அன்றைய கணக்கெடுப்பு அத்துடன் முடிந்தது.

அடுப்படியில் வெண்ணெய்த் தேநீரை நீட்டியபோது முதியவர் இந்தியில் சொன்ன வாக்கியம் அவன் குறிப்பேட்டில் இருக்கிறது. "நோனோ, அந்தக் குளிரைக் கீழிருந்து நீயேதான் சுமந்துகொண்டு வந்தாய்." நோனோ என்றால் லடாக்கி மொழியில் தம்பி.

முதியவர் கூறியதை இயற்பியல் வேறு சொற்களில் கூறும். ஏறும் உடல் வெப்பத்தை மிகுதியாக உண்டாக்கும். மேலே போர்த்தியவை கூடுதலாக இருந்தால் வியர்க்கும். 100 கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 58 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அசையாமல் அமர்ந்திருக்கும் மனிதனின் உடல் ஒரு மணி நேரத்தில் உண்டாக்குவது சுமார் 75 கிலோ கலோரிதான். ஒரு பனியனில் தேங்கிய ஈரத்தை உலர்த்துவதற்கே உடல் தன் வருவாயில் பெரும்பங்கைச் செலவிட நேர்கிறது. போதாக்குறைக்கு, நீர் காற்றைக்காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த துணி தோலோடு ஒட்டிக் கிடக்கையில், மேலே எத்தனை விலையுயர்ந்த ஜாக்கெட் இருந்தாலும் அது கசியும் பானையைப் போர்வையால் மூடுவதற்கு ஒப்பாகும்.

பருத்தியின் குற்றம் இதில்தான். சமவெளியின் வெயிலில் எது அதன் அருங்குணமோ, அதுவே மலையில் அதன் கேடாகிறது. பருத்தி இழை நீரை விரும்பி உள்வாங்கும். வாங்கியதை எளிதில் விடாது. நனைந்ததும் துவண்டு, காற்றைப் பிடித்துவைக்கும் இடைவெளிகளை இழந்துவிடும். வேர்க்கும் ஊரில் அந்த மெல்லிய ஈரம் உடலுக்குக் குளிர்ச்சி தருகிறது. உறைநிலைக்குக் கீழேயும் அது அதே தொழிலைத்தான் செய்கிறது.

கம்பளி இழையின் அமைப்பு வேறு. அதன் மேற்பரப்பிலுள்ள செதில்கள் நீர்த்துளியை விலக்கும். உட்பகுதியோ நீராவியை இழுத்துக்கொள்ளும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை ஏற்றபின்னும் தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது. ஈரத்தை ஏற்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடும். இழையின் இயல்பான சுருள், நனைந்த நிலையிலும் காற்றைச் சிறைபிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் மற்றொரு வழியில் செல்கிறது. இழைக்குள் ஏறத்தாழ எதையும் உறிஞ்சாமல், இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக வியர்வையை வெளிப்புறம் கடத்தி, விரைவில் உலர்ந்துவிடும். விலையும் குறைவு, மெரினோ கம்பளி அதைப்போலப் பல மடங்கு விலையாகும்.

இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பதற்கு முதியவரிடம் ஒரு கேள்வியே விடையாக இருந்தது: நடக்கப் போகிறாயா, உட்காரப் போகிறாயா?

வேட்டைக்காரனின் கேள்வி அது. முதியவர் சிறுவனாக இருந்த காலத்தில், மருந்து கிட்டிக்கும் பழைய துப்பாக்கியைத் தாங்கிய தந்தையின் பின்னால் இதே முகடுகளில் ஏறியிருக்கிறார். குளிர்காலத்தில் ஐபெக்ஸ் கூட்டங்கள் பனி மிகுந்த உச்சிகளை விட்டுக் கீழிறங்கும். காய்கறியும் தானியமும் அருகிய மாதங்களில் ஊருக்கு அது இறைச்சி. லடாக்கின் பாறைகளில் வில்லேந்திய மனிதர்களும் வளைந்த கொம்புடைய ஐபெக்ஸுகளும் செதுக்கப்பட்டிருப்பதைக் காண்பவர்கள், அந்த வேட்டை எத்தனை தலைமுறைப் பழமையுடையது என்பதை உணர்வார்கள். இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அன்றைய ஜம்மு காஷ்மீர் மாநிலம் தனக்கென ஒரு சட்டத்தை 1978-இல் இயற்றியது. துப்பாக்கி மூலைக்குப் போயிற்று. ஆனால் துப்பாக்கியைத் தவிர மற்ற எல்லாம் எஞ்சின. காற்றின் திசை அறிதல், கொம்பின் கீற்று பாறை விளிம்பில் தெரியும் கணத்தைப் பிடித்தல், இரண்டு மணி நேரம் ஏறி ஐந்து மணி நேரம் அசையாமல் இருத்தல் ஆகியவை அம்மனிதரின் உடலிலேயே தங்கிவிட்டன. இன்று குளிர்காலத்தில் பனிச்சிறுத்தையைக் காணவரும் பயணிகளுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஷானை, அதாவது சிறுத்தையை, முதலில் கண்டு சொல்பவர்களில் அவரும் ஒருவர்.

மாணவனுக்கு இது தொடக்கத்தில் உறுத்தலாகவே இருந்தது. உயிரைக் காக்கும் கல்வியை, உயிரைக் கொன்றவர் மகனிடம், கொல்வதற்கென்றே உருவான பயிற்சியிலிருந்து கற்க வேண்டியிருக்கிறதே என்று எண்ணினான். முதல் மாதம் முதியவரிடம் வழி மட்டும் கேட்டான், வேறெதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பருத்திப் பனியன் லேயிலேயே தங்கியிருக்கும்.

அந்த நாளுக்குப் பிறகு அவன் கேட்டான். கேட்டவற்றையும், இரண்டு குளிர்காலங்களில் தானே பட்டு அறிந்தவற்றையும் சேர்த்தால் இவ்வளவு தேறும்.

தோலைத் தொடும் ஆடையே முதன்மையானது. அது மெரினோ கம்பளியாகவோ பாலியெஸ்டராகவோ இரண்டும் கலந்ததாகவோ இருக்கலாம், பருத்தி கூடாது. கடைகளில் தெர்மல் என்று விற்பவற்றில் கணிசமானவை பருத்தி மிகுந்த கலப்பு. தடிமனைத் தடவிப் பார்த்து மயங்காமல், உட்புறச் சீட்டில் இழையின் பெயரையும் விழுக்காட்டையும் படிக்க வேண்டும். நல்ல தெர்மலுக்கு அடியில் பருத்திப் பனியனோ ஜட்டியோ அணிந்தால் வாங்கிய செலவு வீண். காலுறைக்கும் இதே விதி.

துணியின் எடை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிக்கப்பட்டிருக்கும். 150 கிராம் அளவிலானது ஏறுவதற்கு ஏற்றது. 250 கிராம் அளவிலானது அமர்ந்திருப்பதற்கு ஏற்றது. இரண்டையும் ஒரே நாளில் செய்பவருக்கு ஒரு தடித்த ஆடையைவிட இரண்டு மெல்லியவை நலம். ஒன்றை அணிந்து ஏறி, மேலே சென்றதும் மற்றொன்றைச் சேர்க்கலாம். அல்லது நனைந்ததைக் களைந்து உலர்ந்ததை அணியலாம். அந்த அரை நிமிடக் குளிரைத் தாங்குவது, ஐந்து மணி நேரக் குளிரைத் தாங்குவதைவிட எளிது. ஆடை உடலோடு படிந்திருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் வியர்வை துணிக்கு ஏறாது. ஆயினும் இறுக்கினால் குருதியோட்டம் குறையும். கழுத்தில் ஜிப் இருப்பின், ஏறும்போது திறந்தும் அமரும்போது மூடியும் கொள்ளலாம். முதியவரின் கோன்சா தோளிலிருந்து இறங்கியதும் ஏறியதும் இதே காரணத்தால்தான். புறப்படும்போது சற்றுக் குளிர வேண்டும். புறப்படும்போதே இதமாக இருப்பவர் பாதி வழியில் நனைந்துவிடுவார்.

தண்ணீர்க் குழாய்கள் உறைந்துபோகும் ஊரில் வாரக்கணக்கில் துணி துவைக்க இயலாது. பாலியெஸ்டர் இரண்டு மூன்று நாளில் நாறத் தொடங்கும். மெரினோ பல நாள் தாங்கும். நுகரும் ஆற்றல் மிகுந்த விலங்குகளுக்கு எதிரே அமர்பவருக்கு இது நாகரிகப் பிரச்சினை மட்டுமன்று. கம்பளி சரசரக்காது என்பதையும் முதியவர் குறிப்பிட்டார். கம்பளியின் குறைகளையும் சொல்ல வேண்டும். மெல்லிய மெரினோ, முதுகுப்பையின் வார் உராயும் இடத்தில் பொத்துவிடும், பூச்சி அரிக்கும், மெதுவாக உலரும். அடுப்பருகே உலர்த்துவதில் மட்டும் கம்பளி மன்னிக்கும். செயற்கை இழையோ புகாரி அடுப்பின் தகரத்தைத் தொட்ட கணத்தில் உருகிவிடும். மாணவனின் ஃபிளீஸ் சட்டையின் வலது கையில் அதற்கான தழும்பு இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, துணையாக வருபவரின் நாவையும் விரலையும் கவனிக்க வேண்டும். பேச்சு குழறுவதும் கை தடுமாறுவதும் உடலின் உள்வெப்பம் தாழ்வதன் அடையாளங்கள். உலர்த்திச் சூடேற்றாமலே நடுக்கம் நின்றுவிட்டால் அது நலம் அன்று. அபாயம் முற்றியதன் அறிகுறி. குளிருக்கு ஆட்பட்டவருக்குத் தன் நிலை தெரியாது. அதனால்தான் முகடுகளுக்கு எவரும் தனியாகச் செல்வதில்லை.

இவையெல்லாம் ஓர் ஆய்வுக்கு ஏன் தேவை என்று வினவலாம். மாணவன் தன் குறிப்பேடுகளை ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. முதல் குளிர்காலத்தில் அவனுடைய பதிவுகள் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருந்தன; இரண்டாம் குளிர்காலத்தில் நான்கு மணி நேரத்துக்குக் குறையவில்லை. முதல் ஆண்டில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு ஐபெக்ஸுகள் பாறைகளுக்குள் மறைந்துவிடுவதாகத் தோன்றியது. உண்மையில் மறைந்தவன் அவன்தான். நாடு தழுவிய பனிச்சிறுத்தைக் கணக்கெடுப்பின் முடிவுகள் 2024 ஜனவரியில் வெளியாயின. இந்தியா முழுவதும் 718, அவற்றுள் லடாக்கில் 477 என்பது மதிப்பீடு. அத்தகைய எண்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் குளிரில் நடந்தவர்களும் காத்திருந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எதை உடுத்தியிருந்தார்கள் என்பதை எந்த அட்டவணையும் கேட்பதில்லை.

ஆய்வேட்டின் முறையியல் இயலில் மாணவன் ஒரு பத்தியைச் சேர்த்தான். முதலாண்டுப் பதிவுகள் குறுகியிருந்ததற்குப் பார்வையாளரின் பொருந்தாத ஆடையே காரணம் என்றும், அதனைத் திருத்தியவர் உள்ளூர் வழிகாட்டி என்றும் அதில் எழுதினான். நெறியாளர் அப்பத்தியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டார். மாணவன் இரண்டு ஆண்டுகளின் நேரப் பட்டியலை எடுத்து அவர் முன் வைத்தான். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேள்விக்குறியை அழித்தார்.

மூன்றாம் குளிர்காலத்தில், புறப்படும் முன் முற்றத்தில் நின்ற மாணவனின் கழுத்துப்பட்டைக்குள் முதியவர் வழக்கம்போல் இரண்டு விரலை நுழைத்துத் துணியைத் தேய்த்துப் பார்த்தார். கம்பளி. தலையசைத்துவிட்டு முன்னே நடந்தார்.