மாங்குயிலுக்கு ஒரு துண்டுப் பப்பாளி

காகத்திற்குச் சோறு வைத்த பின்னரே உண்ணும் வழக்கம் நம் பாட்டன் பாட்டிமாரோடு கப்பலேறி இந்நாட்டிற்கு வந்ததாகும். எறும்புக்கும் குருவிக்கும் உணவாகட்டும் என்று அரிசி மாவினால் கோலமிட்டதும், அறுவடை முடிந்ததும் நெற்கதிர்களைக் கொத்தாகப் பின்னி வீட்டு முகப்பிலே தொங்கவிட்டதும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பழக்கம். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனைப் பற்றிப் படிக்கும் மாணவச் செல்வங்கள், அது மன்னர்களுக்கே உரிய கொடை என்று எண்ணிவிடலாகாது. கடனாகப் பெற்ற அரிசியைச் சிட்டுக்குருவிகளுக்கு இறைத்த பாரதியார் மன்னரல்லர். அன்று அடுப்படியில் நின்ற செல்லம்மாள் என்ன பாடுபட்டிருப்பார் என்பதையும் நாம் சேர்த்தே எண்ணிப் பார்ப்பதுண்டு.

காகமும் சிட்டும் அழைத்தால் வரும். மாங்குயிலை வீட்டு முற்றத்திற்கு வரவழைப்பது அத்துணை எளிதன்று. அதனைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு நம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியே காரணம். நமது தோட்டம் கைமாறிய செய்தியைப் பெற்றோர் யாவரும் அறிவர். பால்மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. இப்பொழுது செம்பனையும் வீழவிருக்கிறது. லயத்துக் குடும்பங்கள் பல அடுத்த ஆண்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர இருக்கின்றன. கோழிகளை என்ன செய்வது, கறிவேப்பிலை மரத்தை எங்கே நடுவது என்று பெரியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு நம்மிடம் விடையில்லை. அம்மாணவியோ, “ஐயா, அடுக்குமாடிக்கு மாங்குயில் வருமா?” என்று கேட்டாள். இதற்கு மட்டும் நம்மிடம் பாதி விடை இருந்தது. அவ்விடை பினாங்கு லிட்டில் இந்தியாவில் கிடைத்ததாகும்.

நம் தமக்கையார் இதைப் போன்றதொரு லயத்திலே பிறந்து வளர்ந்தவர். மணமானபின் ஜார்ஜ்டவுனில், பெரியோர் கடைத்தெரு என்றழைக்கும் மார்க்கெட் தெருவிற்கு அணித்தே உள்ள கடைவீடொன்றின் மாடியில் குடியேறினார். 1833-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட மகாமாரியம்மன் ஆலயத்தின் மணியோசை அங்கே கேட்கும். 2008-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுடைமையாக அறிவித்த ஜார்ஜ்டவுன் நகரப் பகுதியினுள் அடங்கிய இடம் அது. பூக்கடை, மளிகைக்கடை, துணிக்கடை, பலகாரக்கடை என்று கண்ணுக்கும் மூக்கிற்கும் குறைவில்லை. ஆயினும், ஒரு கைப்பிடி மண் வேண்டுமென்றால் பூந்தொட்டியில்தான் தேடவேண்டும்.

பழைய கடைவீடுகளின் அமைப்பைப் பிள்ளைகள் அறிந்துகொள்ளுதல் நன்று. முகப்பு குறுகியது, உள்ளே நீளமோ மிகுதி. நடுவில் வெளிச்சமும் காற்றும் இறங்குவதற்காகக் கூரையில்லாத முற்றம் ஒன்றிருக்கும். வீட்டின் பின்னே சந்து. சந்தின் ஓரத்தில் சாக்கடை. அந்தச் சாக்கடைச் சுவரின் வெடிப்பில், யாரும் நடாமலே ஒரு செரி மரம் முளைத்திருந்தது. சிவந்த சிறு பழங்களைத் தரும் அம்மரத்தை நம் பிள்ளைகள் யாவரும் அறிவர். ஏறாத பிள்ளை இராது. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த மரம் அது. பறவைகள் உண்டு எச்சமிடும் விதையிலிருந்தே எங்கும் பரவுகின்றது. துப்புரவுப் பணியாளர் இருமுறை வெட்டியும் அது மீண்டும் தழைத்தது. அதன் பழத்திற்கு மைனாவும் சின்னான் என்னும் கொண்டைக்குருவியும் வந்துபோவதைத் தமக்கையார் மாடியிலிருந்து கண்டார்.

அன்று முதல் முற்றத்துச் சுவரின் மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கம்பியால் கட்டி, அதில் பழுத்த பப்பாளித் துண்டு வைக்கலானார். “இங்கே காக்காயும் புறாவுந்தான் வரும்” என்று அத்தான் நகைத்தார். மூன்று வாரம் அவர் சொல்லே பலித்தது. நான்காம் வாரத்தில் ஒரு விடியற்காலை, புல்லாங்குழலை ஊதிப் பார்ப்பது போன்றதோர் ஒலி கேட்டது. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அவ்வொலி புதிதன்று. நகரத்திலே குடியேறிப் பல ஆண்டுகளுக்குப் பின் அதனைக் கேட்டவுடன், கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைக்கவும் மறந்து நின்றதாக நம்மிடம் கூறினார்.

அப்பறவையைச் சற்று விவரித்தல் தகும். உடல் முழுதும் பொன்மஞ்சள். கண்ணின் வழியே சென்று பிடரியில் இணையும் கருப்புப் பட்டை ஒன்றுண்டு. அலகு இளஞ்சிவப்பு. பெண்பறவையின் மஞ்சளில் சிறிது பசுமை கலந்திருக்கும். இளம்பறவைக்கு மார்பில் கோடுகள் காணப்படும். தமிழ்நாட்டில் மாங்குயில் என்று வழங்கப்படும் பறவைக்குப் பிடரியில் பட்டையில்லை. ஆகவே இவ்விரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்த வெவ்வேறு இனங்கள். மலாய்க்காரர் நம் நாட்டுப் பறவையை டெண்டாங் செலாயாங் என்பர். பெயரில் குயில் இருப்பினும் இது குயிலன்று. குயில் காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். மாங்குயிலோ கிளைக்கவட்டில் தொட்டில்போல் கூடு பின்னித் தன் குஞ்சைத் தானே வளர்க்கும். ஆண்டு முழுதும் இங்கேயே வாழ்பவை ஒருபுறமிருக்க, வடக்கே குளிர் மிகும் மாதங்களில் கடல் கடந்து வந்து செல்பவையும் உண்டு.

இனி, தமக்கையார் பழகிக்கொண்ட முறையைக் கூறுவோம். மாங்குயில் சோற்றை நாடாது. பழமும் புழு பூச்சியுமே அதன் உணவு. பப்பாளி, வாழை ஆகியவற்றில் கனிந்ததைத் தோலோடு வைத்தால் போதும். உப்பிட்ட சோறு, முறுக்கு, எண்ணெய்ப் பலகாரம் எதுவும் வைக்கலாகாது. பூனை எட்டாத உயரம் வேண்டும். விடியலில் வைத்ததைப் பொழுது சாயுமுன் எடுத்துவிட வேண்டும்; நகரத்துப் பின்சந்துகளில் இரவு விருந்தாளி எலியே. எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் உயிரையும் குடிக்க வல்லது. புறாக்கூட்டம் சேர்ந்துவிட்டால் சில நாட்கள் உணவை நிறுத்திவிடுவார். அவற்றின் எச்சமும் நோய்க்கு இடமாகும்.

உணவைக் காட்டிலும் தண்ணீரே பறவைகளை மிகுதியாக ஈர்க்கும் என்பது அவர் கண்ட உண்மை. அகன்ற மண்தட்டில் இரண்டு விரற்கடை ஆழத்திற்கு நீர் போதும். ஆனால் அதனை நாள்தோறும் கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் கொசுவின் முட்டை, ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். டிங்கிக் காய்ச்சலின் கொடுமையை இத்தோட்டத்தில் அறியாதார் யார்? நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டில் கொசுப்புழு காணப்பட்டால் தண்டம் கட்ட நேரிடும். பறவைக்கு வைத்த தண்ணீர் என்று சொன்னால் சுகாதார அதிகாரி விட்டுவிடமாட்டார்.

காகத்தைப் பற்றியும் ஒரு சொல். நாம் பழித்துத் துரத்தும் அப்பறவை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காப்பித் தோட்டங்களின் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. தோட்ட வேலைக்கு ஆள் பிடித்து வரப்பட்டதில் நமக்கும் அதற்கும் ஓர் உறவு உண்டு எனலாம். காப்பி போயிற்று, காகம் நின்றுவிட்டது.

மாங்குயில் அழகியதாயினும் சாதுவன்று. செரி மரத்தில் கூடு கட்டியிருந்த சின்னானின் குஞ்சுகளை அதுவே ஒருநாள் கொத்திச் சென்றது. தமக்கையார் மனம் வெதும்பிச் சிரட்டையை அவிழ்த்துவிட்டார். “நான் பழம் வைத்து அழைத்ததனால்தானே வந்தது, தம்பி?” என்று நம்மிடம் கேட்டார். பிற பறவைகளின் முட்டையும் குஞ்சும் அதன் இயற்கை உணவில் அடங்கும் என்று எடுத்துரைத்தோம். அவர் அரைமனத்துடனேயே மீண்டும் கட்டினார். ஆனால் சின்னான் கூடு கட்டும் காலத்தில் பழம் வைப்பதில்லை என்று தாமாகவே ஒரு விதி வகுத்துக்கொண்டார். அவ்விதி நமக்கும் ஏற்புடையதே.

பறவையை அழைப்பதில் வேறொரு வகையும் அந்நகரில் இருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டில் முற்றாக நீங்கியபின் குடியிருந்தோர் பலர் வெளியேறினர். காலியான கடைவீடுகள் சிலவற்றில் சன்னல்களை அடைத்து, வாலிட் எனும் உழவாரக் குருவியின் ஒலியைக் கருவியில் ஓயாமல் ஒலிக்கச் செய்து, விலையுயர்ந்த அதன் கூட்டிற்காக அதனை வரவழைத்தனர். மரபுடைமைப் பகுதியில் 2013-ஆம் ஆண்டு இறுதிக்குள் அத்தொழிலை நிறுத்துமாறு மாநில அரசு கெடு விதித்தது. மனிதர் நீங்கிய வீட்டில் பறவைக்கு வரவேற்பு! இதனை விருந்தோம்பல் என்று அழைக்க நம் நாக்கு எழவில்லை.

பலாப்பாலைக் காய்ச்சிப் பசையாக்கிக் கிளையில் தடவிக் குருவி பிடிக்கும் பிள்ளைகளுக்கும், அதனைக் கண்டும் காணாததுபோல் இருக்கும் தந்தைமார்க்கும் இங்கே ஒன்று கூறுவோம். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். பசையில் சிக்கிய இறகு கிழியாமல் மீள்வது அரிது.

சென்னை இராயப்பேட்டையில் புகைப்படக் கருவிகளைச் செப்பனிடும் ஒருவர், 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தம் மொட்டைமாடிக்கு வந்த பச்சைக்கிளிகளுக்கு ஊறவைத்த அரிசி வைக்கத் தொடங்கினார். பின்னாளில் ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்தன. பல ஆண்டுகள் தம் வருவாயில் பெரும்பகுதியை அவற்றிற்கே செலவிட்டார். அது அரியதோர் உள்ளம். எனினும் நம் பெற்றோர் அவ்வாறு செய்யவேண்டுவதில்லை. பள்ளிக் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் இருக்கின்றன. ஒரு துண்டுப் பப்பாளி போதும்.

அம்மாணவிக்கு நாம் கூறிய விடை இதுவே: மாங்குயில் தமக்கையாரின் முற்றத்தில் வாழவில்லை. பாடாங் கோத்தா லாமா திடலோரத்து மரங்களைப் போன்ற, வேங்கை இனத்து அங்சானாவும் தூங்குமூஞ்சி மரமும் நிழல் தரும் இடங்களே அதன் வீடு. முற்றம் அதற்கு வழியிலுள்ள பலகாரக்கடை, அவ்வளவே. ஆகவே புதிய குடியிருப்பின் அருகே பெரிய மரம் இருந்தால் சன்னலோரச் சிரட்டைக்கும் அது வரக்கூடும். மரம் இல்லையேல் வராது. முதலில் மரம் வேண்டும். அப்படியானால் எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று அவள் கேட்டாள். செரி மரம் இரண்டாண்டிற்குள் காய்க்கும் என்றோம்.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் பால் டின்களில் வளர்த்த செரிக் கன்றுகள் நான்காம் ஆண்டு வகுப்பறையின் பின்புறம் வரிசையாக உள்ளன. குடிபெயரும் குடும்பத்தினர் எந்தச் சனிக்கிழமை காலையிலும் வந்து ஒவ்வொன்று எடுத்துச் செல்லலாம். குடியிருப்பு நிர்வாகத்தாரிடம் கேட்டுவிட்டு வேலியோரத்தில் நடுக. டின்களின் அடியில் துளையிட்டிருக்கிறது. லாரியில் ஏற்றும்பொழுது மட்டும் நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டிவிடுக.